வாயைக் கட்டிச் சேர்த்ததை வாசலில் விட்டுவிடாதீர்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பல ஒரே வேதனையைத்தான் சொல்கின்றன. வருமானம் குறைந்துவிட்டது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கொஞ்சம் மிச்சம் பிடிக்கிறோம், பிடித்ததை ராத்திரியோடு ராத்திரியாக எவனோ தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அதனால் சிக்கனத்தையும் திருட்டையும் தனித்தனியாகப் பிரிக்காமல் சேர்த்தே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: கணவருக்கு வேலை குறைந்து ஆறு மாதமாகிறது. எல்லாவற்றையும் குறைத்துவிட்டேன், ஆனாலும் மாதக் கடைசியில் கை காய்ந்துவிடுகிறது. ஒரு விளக்கு வீணாக எரிந்தால்கூடப் பிள்ளைகளைத் திட்டிவிடுகிறேன். இனி எதைத்தான் குறைப்பது? (இரண்டு பிள்ளைகளின் தாய்)

பதில்: சகோதரி, முதலில் அந்த விளக்குக்காகப் பிள்ளைகளைத் திட்டுவதை நிறுத்துங்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு வாளி, அதாவது 15 லிட்டர் தண்ணீரின் சூட்டை இருப்பதைவிட 25 டிகிரி கூட்ட ஏறக்குறைய 0.44 யூனிட் மின்சாரம் வேண்டும். அதே மின்சாரத்தில் 9 வாட் எல்இடி விளக்கு இரண்டு நாள் அணையாமல் எரியும். பிள்ளைகள் மறந்துபோன விளக்கு உங்களைக் கவிழ்க்கவில்லை. வீட்டில் எதையாவது சூடாக்குகிற சாமான்தான் மின்சாரத்தை விழுங்குகிறது, தண்ணீர் சூடாக்கி, இஸ்திரிப் பெட்டி, மின் அடுப்பு, இவற்றைப் பிடியுங்கள். வெயில் அடிக்கிற இடமென்றால் கறுப்பு வாளியில் தண்ணீர் நிரப்பி மூடி வெயிலில் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அடுப்பும் அப்படித்தான். கொதி வந்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, கூடுதல் தீ எல்லாம் ஆவியாகப் போகிறது, அவ்வளவுதான். மூடி போட்டுத் தீயைக் குறைத்து வையுங்கள், பருப்பு பயறு வகைகளை முந்தின இரவே ஊற வையுங்கள். நன்றாகக் கொதித்த பாத்திரத்தை இறக்கி, கனமான போர்வையில் சுற்றி ஒரு பெட்டிக்குள் வைத்தால் மீதி வேக்காடு தானாகவே ஆகும். ஆனால் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் விட்டுவிடாதீர்கள், கெட்டுப்போகும். கை பொறுக்காத சூடு இருக்கும்போதே எடுத்து ஒருமுறை கொதிக்கவிட்டுப் பரிமாறுங்கள்.

சொட்டுகிற குழாயையும் பாருங்கள். விநாடிக்கு ஒரு சொட்டு, ஒரு சொட்டு கால் மில்லிலிட்டர் என்று வைத்தாலும் ஒரு நாளில் 21 லிட்டருக்கு மேல் போகிறது. மோட்டார் போட்டு மேலே ஏற்றிய தண்ணீர் அது. ஒரு சின்ன வாஷர் மாற்றினால் நின்றுவிடும்.

இதையெல்லாம் விடப் பெரியது ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைப் பற்றி எழுதவில்லை. கடன் இருக்கிறதா? நூற்றுக்கு மாதம் 3 வட்டி என்றால் வருடத்துக்கு 36. சமையலறையில் நீங்கள் பிடிக்கிற எந்த மிச்சமும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. பல கடன் இருந்தால் எல்லாருக்கும் குறைந்தபட்சத் தவணையைக் கட்டிவிட்டு, கையில் மிஞ்சுவது எவ்வளவு சிறியதானாலும் வட்டி அதிகமான கடனிலேயே போடுங்கள். குறைக்கக்கூடாத இடங்களும் உண்டு: பிள்ளைகளின் சாப்பாடு, தொடர்ந்து சாப்பிட வேண்டிய மருந்து, சம்பாத்தியத்துக்குப் போய்வர ஆகிற செலவு. இந்த மூன்றில் கைவைத்தால் பிறகு இரண்டு மடங்காகக் கொடுக்க வேண்டிவரும்.

கேள்வி: கிணற்று மோட்டாரின் கேபிளை ஒரே வருடத்தில் இரண்டு முறை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மோட்டாரைத் தொடவில்லை. மூன்றாவது முறை வாங்கப் பணமில்லை. கம்பிவேலியில் மின்சாரம் விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. (ஒரு விவசாயி)

பதில்: வேண்டவே வேண்டாம், ஐயா. அந்த வேலியைத் தொடப்போவது திருடன்தான் என்று யார் சொன்னது? விடியற்காலையில் பந்து தேடி வருகிற பையனாக இருக்கலாம், பக்கத்து வீட்டுப் பசுவாக இருக்கலாம், தண்ணீர் பாய்ச்ச எழுந்துபோகிற நீங்களாகவே இருக்கலாம். வீட்டு மின்சாரத்தை நேராக வேலியில் விடுவது கொலைக்கு ஏற்பாடு செய்வதுதான், சட்டமும் அதைக் குற்றமாகத்தான் பார்க்கும். கால்நடைக்கு என்று விற்கிற வேலிக்கருவி வேறு, அது விட்டுவிட்டுச் சின்ன அதிர்ச்சி கொடுப்பது. உங்கள் மனதில் இருப்பது அதுவல்ல என்று புரிகிறது.

இப்போது கேபிளுக்கு வருவோம். அவன் எடுப்பது கேபிளை இல்லை, உள்ளே இருக்கிற செம்பை. உறையைக் கொளுத்திவிட்டால் யாருடைய செம்பு என்று யாராலும் சொல்ல முடியாது, எடைக்குப் போட்டால் உடனே காசு. அதனால் ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து கிணறு வரைக்கும் தரையில் போகிற நீளத்துக்கு அலுமினியக் கேபிள் போடலாமா என்று யோசியுங்கள். அலுமினியத்துக்குப் பழைய விலையும் குறைவு, ஆசையும் குறைவு. ஆனால் மின்சாரத்தைச் செம்பு கடத்துவதில் ஏறக்குறைய 61 விழுக்காடுதான் அது கடத்தும், அதனால் கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல், சுமார் 1.6 மடங்கு, இருக்க வேண்டும். செம்பும் அலுமினியமும் சேருகிற இடத்தில் வெறுமனே முறுக்கிவிட்டால் சூடேறித் தீய்ந்துவிடும், அதற்கென்று இருக்கிற இணைப்புத் துண்டைப் போட்டு எலக்ட்ரீஷியன் கையால் செய்ய வேண்டிய வேலை அது.

எதைப் போட்டாலும் மேலே தொங்கவிடாதீர்கள். இரண்டடிக்குக் குறையாமல் பள்ளம் தோண்டி, குழாய்க்குள் விட்டுப் புதையுங்கள். கேபிள் வெளியே தலைகாட்டுகிற இரண்டு முனையிலும் இரும்புக்குழாய் வைத்துக் கான்கிரீட் போட்டுவிடுங்கள். அவனுக்கு இருப்பது ஐந்து பத்து நிமிடம், வெட்டி இழுத்தவுடன் வர வேண்டும். வராவிட்டால் பெரும்பாலும் விட்டுவிட்டு எளிதாகக் கிடைக்கிற இடம் தேடிப் போய்விடுவான். மின்சாரம் நின்றால் கைபேசிக்குத் தகவல் தருகிற ஸ்டார்ட்டர் கருவிகளும் இருக்கின்றன, ஆனால் ஸ்டார்ட்டருக்கும் கிணற்றுக்கும் நடுவே வெட்டினால் அவற்றுக்குத் தெரியாமல் போகலாம். மின்வெட்டுக்கும் அது அடிக்கும் என்பதால், வெட்டு அதிகமுள்ள ஊரில் நாலு நாளில் சலித்துப்போய் அணைத்து வைத்துவிடுவீர்கள். உடலுழைப்பு மட்டும் கேட்கிற பள்ளம்தான் என் முதல் யோசனை.

கேள்வி: பட்டியிலிருந்து மூன்று ஆடுகள் போய்விட்டன. நாய் குரைக்கவே இல்லை. பக்கத்தில் குடியிருக்கிற ஒரு பையன் மேல்தான் சந்தேகம், அவன் சும்மா சுற்றுகிறவன், வீட்டிலும் கஷ்டம். நேராகப் போய்க் கேட்டுவிடலாமா? (ஆடு வளர்ப்பவர்)

பதில்: தம்பி, நாய் குரைக்கவில்லை என்பதற்குத் தெரிந்தவன் வந்தான் என்று மட்டும் அர்த்தமில்லை. இரண்டு மூன்று நாள் முன்கூட்டியே தீனி போட்டுப் பழக்கிவிட்டு வருகிறவர்களும் உண்டு.

ஒன்றை இங்கே மனம்விட்டுச் சொல்கிறேன். பல வருடம் முன்பு எங்கள் பம்புசெட் கொட்டகையில் இருந்த ஸ்பேனர் செட்டும் பைப் ரெஞ்சும் காணாமல் போயின. எங்களிடம் வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒருவரைத்தான் எல்லாரும் சந்தேகப்பட்டோம். அவர் வீட்டில் அப்போது சாப்பாட்டுக்கே கஷ்டம், அது ஒன்றுதான் எங்களிடம் இருந்த சாட்சி. வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்தினோம். ஒரு மாதம் கழித்து வாய்க்கால் தூர் வாரும்போது சாமான் எல்லாம் சாக்கோடு சேற்றில் கிடந்தது, எங்கள் வீட்டு ஆள்தான் அங்கே வைத்துவிட்டு மறந்திருக்கிறார். அந்த மனிதரிடம் போய் மன்னிப்புக் கேட்டோம், மறுபடியும் வேலைக்கு வந்தார், ஆனால் பழைய மாதிரி எங்கள் வாசலில் உட்கார்ந்து பேசவில்லை. கஷ்டகாலத்தில் சந்தேகம் எப்போதும் ரொம்பவும் இல்லாதவன் தலையில்தான் போய் விழுகிறது. ஆடு தூக்குகிறவனுக்கு வண்டி வேண்டும், வாங்குகிற ஆள் வேண்டும், அந்தப் பையனிடம் இரண்டும் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் நேராகப் போய்க் கேட்காதீர்கள். காவல் நிலையத்தில் எழுதிக்கொடுங்கள், எத்தனை மணிக்குக் கடைசியாக எண்ணினீர்கள், எந்தப் பக்கம் வண்டித்தடம் இருந்தது என்பதோடு. மூன்று ஆட்டுக்கு யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். சுற்றுவட்டாரத்தில் ஒவ்வொருவரும் அப்படியே விட்டுவிட்டால் முப்பது ஆடு போனாலும் கணக்கில் ஒன்றுகூட இருக்காது. சுற்றியுள்ள ஆட்டுச் சந்தைக்கும் உடனே ஆள் அனுப்புங்கள், உயிருள்ள பொருளை அவன் ரொம்ப நாள் ஒளித்து வைக்க முடியாது.

மிச்சமிருக்கிற ஆடுகளை இன்றைக்கே படம் எடுங்கள். இரண்டு பக்கமும், முகமும், மறு, கொம்பின் வளைவு, காதில் உள்ள அடையாளம் எல்லாம் தெரியும்படி. காதில் எண் பட்டை போட்டால் நல்லது, அதை அறுத்தாலும் வடு இருக்கும். காலையும் மாலையும் எண்ணுங்கள், எண்ணி எழுதுங்கள். பட்டியை வீட்டுப் பக்கம் நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள், வாசல் வீட்டைப் பார்த்து இருக்கட்டும். கதவில் பெரிய பூட்டு போட்டுவிட்டுக் கீலை மறந்துவிடுகிறோம். கீழிருந்து மேலே தூக்கினால் கதவே கழன்று வருகிற கீல்தான் பல பட்டிகளில் இருக்கிறது, மேல் கீலைத் தலைகீழாக மாட்டினால் தூக்க வராது. ஆள் அசைந்தால் எரிகிற சோலார் விளக்கு ஒன்று வாசலுக்கு நேரே வையுங்கள். விடிய விடிய எரிகிற விளக்கு அவனுக்கும் வெளிச்சம் காட்டும், திடீரென்று எரிகிற விளக்குதான் உங்களை எழுப்பும். சத்தம் கேட்டால் தனியாக இருட்டில் ஓடாதீர்கள். விளக்கைப் போட்டுக் கத்துங்கள், பக்கத்து வீட்டுக்குப் போன் போடுங்கள். பக்கத்து வீடு என்றால் அந்தப் பையனின் வீடும்தான்.

கேள்வி: விலை ஏறும்வரை தானியத்தை வைத்திருக்கலாம் என்று பார்த்தால் ஒரு பக்கம் வண்டு, ஒரு பக்கம் திருட்டு பயம். உடனே விற்றுவிடுவதா?

பதில்: சாப்பாட்டுக்கும் விதைக்கும் வேண்டியதை எப்படியும் வைத்துத்தான் ஆக வேண்டும், அதைச் சாக்கில் வைக்காமல் இறுக மூடுகிற டிரம்மில் வையுங்கள். காற்றுப் புகாத டிரம்முக்குள் வண்டு தானே மூச்சுவிட்டு உள்ளே இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டுச் செத்துப்போகும், மருந்து வேண்டாம். ஆனால் வாய்வரை நிரப்ப வேண்டும், அடிக்கடி திறக்கக்கூடாது. அன்றாடச் செலவுக்குச் சின்ன டின் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 200 லிட்டர் டிரம் நிறைந்தால் தானியத்தைப் பொறுத்து 100 கிலோவுக்கு மேல் வரும், தோளில் போட்டுக்கொண்டு வேலி தாண்டுகிற சமாசாரம் இல்லை அது. பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் இதற்கு எடுக்காதீர்கள்.

காயாத தானியத்தை மூடினால் பூஞ்சை பிடித்து எல்லாம் போய்விடும். காய்ந்ததா என்று பார்க்க, நன்றாக உலர்ந்த கண்ணாடி ஜாடியில் கொஞ்சம் உலர்ந்த உப்பும் அதைவிடப் பல மடங்கு தானியமும் போட்டு ஒரு நிமிடம் குலுக்கி, கால் மணி நேரம் விடுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது, இன்னும் காய வேண்டும். ஒட்டாவிட்டாலும் நான் மேலும் ஒரு நாள் வெயில் காட்டித்தான் மூடுவேன், மாதக்கணக்கில் வைக்க 12, 13 விழுக்காட்டுக்குள் இருப்பதுதான் பத்திரம்.

கேள்வி: டிராக்டர் சாவி என்னிடம்தான் இருக்கிறது, வெளியே நிறுத்தினால் பரவாயில்லைதானே?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. ஒரே கம்பெனியின் பல டிராக்டர்களுக்கு ஒரே சாவி பொருந்தும்படி செய்திருப்பார்கள், உங்கள் சாவி உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பேட்டரி இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச் ஒன்றை மறைவாகப் பொருத்துங்கள். இரவில் டிராக்டரின் பின்னால் கனமான கருவி எதையாவது மாட்டித் தரையில் இறக்கிவிட்டு நிறுத்துங்கள். டீசலைத் தேவைக்கு மட்டும் ஊற்றுங்கள்.

கேள்வி: கேமரா வாங்க வசதியில்லை. பொம்மை கேமரா மாட்டலாமா?

பதில்: அந்தக் காசுக்கு நல்ல கொண்டியும் நாதாங்கியும் வாங்குங்கள். போல்ட்டின் நட்டை உள்பக்கம் வைத்து, முனையைச் சுத்தியலால் தட்டி நசுக்கிவிட்டால் ஸ்பேனருக்கு வராது.

கேள்வி: என் மோட்டார் எரிந்துவிட்டது. தெரிந்தவர் மூலம் ஒருவர் பாதி விலைக்கும் குறைவாகப் பழைய மோட்டார் தருகிறேன் என்கிறார். பில் இல்லை, இருட்டிய பிறகு வந்து எடுத்துக்கொள் என்கிறார். இந்த நிலைமையில் விட மனமில்லை.

பதில்: விட்டுவிடுங்கள், அம்மா. கஷ்டம் புரிகிறது, பயிர் வாடுகிறது, கையில் இருப்பது அவ்வளவுதான். ஆனாலும் மேலே கேபிள் பறிகொடுத்து எழுதியிருக்கிற மனிதரைப் போல எங்கோ ஒருவர் வயலில் தண்ணீரில்லாமல் நிற்கிறார், அந்த மோட்டார் அவருடையதாக இருக்கலாம். நாளைக்குப் பிடிபட்டால் பொருளும் போகும், கொடுத்த காசும் போகும், வழக்கும் உங்கள் மேல் வரும். மோட்டார் உடம்பில் ரிவிட் அடித்த பெயர்த்தகடு இருக்கும், அதில் தொடர் எண் இருக்கும். தகடு பிடுங்கப்பட்டிருந்தாலோ எண் தேய்க்கப்பட்டிருந்தாலோ தொடாதீர்கள். எரிந்த மோட்டாரைக் கம்பிச் சுருள் (காயில்) கட்டுகிற பட்டறைக்குக் கொண்டுபோய் மறுபடி கட்ட எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள், பெரும்பாலும் புதியதைவிடக் குறைவாகவே முடியும். அங்கேயே பழைய மோட்டாரும் கிடைக்கலாம், பகல் வெளிச்சத்தில் ஓட்டிப் பார்த்து, எண் குறித்த ரசீதோடு வாங்குங்கள். அதுவரை பயிருக்குத் தண்ணீர் யார் கிணற்றிலிருந்து கிடைக்கும் என்று இன்றைக்கே போய்க் கேட்டுவிடுங்கள், பயிர் காத்திருக்காது.