ஃபார்மகாலஜி மனதில் தங்க மாட்டேன் என்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: அரசுப் பல்கலைக்கழகத்தில் பி.ஃபார்ம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மருந்துப் பெயர்களை இரவெல்லாம் உருப்போட்டாலும் ஒரு வாரத்தில் மறந்துபோகிறது. ஒரு பாடத்துக்கும் இன்னொரு பாடத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. ஆய்வகத்தில் கூட்டம், கருவியைத் தொட முறை வருவதே இல்லை. டியூஷன் சேரலாமா?

பதில்: டியூஷனுக்குப் பிறகு வருகிறேன். "தொடர்பே தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கலே அதுதான். மறதி அதன் விளைவு. பாடத்திட்டம் ஒரே மருந்தைக் கூறுபோட்டு, அதன் அமைப்பை மெடிசினல் கெமிஸ்ட்ரிக்கும், மாத்திரையாக்கும் வேலையை ஃபார்மாசூட்டிக்ஸுக்கும், உடலுக்குள் அது செய்வதை ஃபார்மகாலஜிக்கும் கொடுத்துவிடுகிறது. திரும்பச் சேர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் மாணவர் தலையில்தான் விழுகிறது.

எப்படிச் சேர்ப்பது? வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோலையே எடுத்துக்கொள்ளுங்கள். நோட்ஸில் "புரோட்டான் பம்ப் தடுப்பான், உணவுக்கு முன்" என்று ஒரு வரி இருக்கும் (இரைப்பையில் அமிலத்தைச் சுரக்கவைக்கும் புரதம்தான் இந்தப் பம்ப்). அதை உருப்போடாமல் குடைந்து பாருங்கள். விழுங்கும்போது அது செயலற்ற மூலக்கூறு. அமிலம் பட்டால்தான் உருமாறி வேலை செய்யும். அப்படியானால் இரைப்பைக்குள் விழுந்ததுமே மாறிவிடாதா? மாறும், மாறினால் வீண். அதனால்தான் அமிலத்தில் கரையாத என்டெரிக் பூச்சு. சிறுகுடலில் பூச்சு கரைய, மருந்து ரத்தத்தில் கலந்து, இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் பரைட்டல் செல்லுக்கு வந்து சேர்கிறது. மருந்து வலுக்குறைந்த காரம். அமிலம் சுரக்கும் நுண்குழாய்க்குள் நுழைந்ததும் புரோட்டானை ஏற்று, வெளியேற வழியில்லாமல் சிக்கி, அங்கேயே உருமாறி, பம்பிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோடு டைசல்ஃபைடு பிணைப்பு போட்டுவிடுகிறது.

இப்போது பாருங்கள், ரத்தத்தில் அதன் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறையும் நேரம், ஏறக்குறைய 1 மணி நேரம்தான். ஆனாலும் பலருக்கு நாளுக்கு ஒருமுறை போதுகிறது. பிணைந்த பம்ப் மீள்வது கடினம், செல் புதிய பம்ப் தயாரிக்க நாளாகும் என்பதே காரணம். உணவுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு என்று சொல்வதும் இதிலிருந்தே வருகிறது. சாப்பாடுதான் பம்புகளை முடுக்கிவிடும், ஓடுகிற பம்பைத்தான் மருந்து பிடிக்கும். கொஞ்ச நேரமே ரத்தத்தில் இருக்கும் மருந்து அந்த நேரத்தில் அங்கே இருந்தாக வேண்டும். இதோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் க்ளோபிடோக்ரெலையும் ஒட்டிப் படியுங்கள். அதை வீரியமாக்கும் கல்லீரல் நொதிகளில் முக்கியமான ஒன்றை ஒமெப்ரசோல் தடுக்கிறது. இரண்டும் ஒரே சீட்டில் வந்தால் மருந்தாளுநர் ஏன் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பது அப்போது தானாகப் புரியும்.

வாரத்துக்கு இப்படி ஒரே ஒரு மருந்து, ஒரே ஒரு பக்கம். படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். எழுத்து எங்கே நிற்கிறதோ அங்கேதான் உங்களுக்குத் தெரியவில்லை; அடிக்கோடு போட்டுத் திரும்பத் திரும்ப வாசிப்பது இதைக் காட்டிக்கொடுக்காது. ஒரு குடும்பத்தில் ஒரு மருந்து பிடிபட்டால் மற்றவை சுலபம். பொதுப்பெயரின் வால் குடும்பத்தைச் சொல்லும்: 'ஒலால்' என்றால் பீட்டா தடுப்பான், 'சார்ட்டன்' என்றால் ஆஞ்சியோடென்சின் ஏற்பித் தடுப்பான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். ஒமெப்ரசோலைப் போலவே அரிபிப்ரசோலும் 'ப்ரசோல்' என்றுதான் முடிகிறது. அது மனநல மருந்து. வைவா எனும் வாய்மொழித் தேர்வில் இதில் சறுக்குகிறவர்கள் உண்டு.

ஆய்வகத்துக்கு வருவோம். ஐந்து பேர் குழுவில் ஒருவர் கைதான் ப்யூரெட்டில் இருக்கும், மற்றவர்கள் ரீடிங்கைக் காப்பியடிப்பார்கள். முதல் நாளே "எடை போடுவது இந்த வாரம் நான், அடுத்த வாரம் நீ" என்று முறை வைத்துவிடுங்கள். கை படாத நாளிலும் ஏன் என்று கேட்க யாரும் தடை போடவில்லை. ஆஸ்பிரின் மாத்திரையை மதிப்பிடும்போது அளவுக்கு மேல் காரம் ஊற்றிக் கொதிக்கவைத்து, மிச்சக் காரத்தை அமிலத்தால் டைட்ரேட் செய்கிறோம். கொதிக்கும்போது ஆஸ்பிரின் சாலிசிலிக் அமிலமாகவும் அசெட்டிக் அமிலமாகவும் உடைகிறது, அதனால் ஒரு மோலுக்கு இரண்டு மோல் காரம் செலவாகிறது. ஈரத்தில் கிடந்த பழைய ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்தால் வினிகர் வாடை அடிப்பதும் இதே வினையால்தான். ரெக்கார்ட் நோட்டில் இந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் எழுதச் சொல்ல மாட்டார்கள், நீங்கள் எழுதிவையுங்கள்.

டியூஷன்? ஃபார்மகாலஜிக்காக என்றால் வேண்டாம் என்பேன். பெரும்பாலும் இன்னொரு கட்டு நோட்ஸ்தான் கிடைக்கும், உங்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. அந்த நேரத்தில் துறை நூலகத்தில் பழைய கேள்வித்தாள்களை எடுத்து, எழுதிய விடையை ஆசிரியரிடம் கொண்டுபோய்த் திருத்தக் கேளுங்கள். கூட்டம் நிறைந்த வகுப்பில் பெயர் தெரியாத ஆசிரியர்கூட, கையில் தாளோடு வருகிறவருக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவார்.

கணக்கு தடுமாறினால் மட்டும் உதவி தேடுங்கள், அதை ஒத்திப்போடாதீர்கள். 1 சதவீதக் கரைசல் என்றால் 100 மில்லியில் 1 கிராம், அதாவது மில்லிக்கு 10 மில்லிகிராம். 1:1000 என்றால் மில்லிக்கு 1 மில்லிகிராம். யோசிக்காமலே இது வாயில் வர வேண்டும். தினமும் ஐந்து கணக்கு, கால்குலேட்டரைத் தொடும் முன் விடை ஏறக்குறைய எவ்வளவு வரும் என்று ஓரத்தில் எழுதிவிட்டுப் போடுங்கள். புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் டோஸ் பத்து மடங்காகிவிடும். அதைப் பிடித்துத்தருவது ஓரத்தில் எழுதிய அந்த எண்தான்.