தகர டப்பாவில் எட்டு பழைய மோட்டார்: திறக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்

அமெரிக்காவில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: கராஜ் சேல் ஒன்றில் இருபது டாலருக்கு ஒரு டப்பா வாங்கினாராம். உள்ளே 1960-களின் ஸ்லாட் கார் (பாதையில் உள்ள பள்ளத்தைப் பிடித்து மின்சாரத்தில் ஓடும் பொம்மை ரேஸ் கார்) மோட்டார்கள் எட்டு. சிலவற்றில் மபுச்சி என்றும் ஜப்பான் என்றும் இருக்கிறது, சிலவற்றில் பெயரே இல்லை, ஒன்று பித்தளைக் கம்பிச் சட்டத்தோடு சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, பிரித்துச் சுத்தம் செய்யலாமா, சட்டத்தை எப்படிக் கழற்றுவது?

முதலில் பெயர் விஷயம். 1954-ல் தொடங்கிய மபுச்சி பொம்மைகளுக்கான சின்ன மோட்டார்களை மலை மலையாகச் செய்த ஜப்பான் கம்பெனி. 1960-களின் நடுவில் அமெரிக்காவில் ஊருக்கு ஊர் இந்தக் கார்களை ஓட்டும் ரேஸ்வே திறந்து ஸ்லாட் கார் பைத்தியம் பிடித்தபோது ரெவெல், மோனோகிராம், காக்ஸ் போன்ற மாடல் கம்பெனிகள் எல்லாம் அவர்களிடமே வாங்கித் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டன. ஆகவே மோட்டாரின் வெளிக்கூட்டைப் பார்த்து "மபுச்சிதானே" என்று ஒதுக்கிவிடாதீர்கள். சேகரிப்பவர் பணம் கொடுப்பது மேலே இருக்கிற ஸ்டிக்கருக்கும், பிளாஸ்டிக் மூடியின் நிறத்துக்கும், அசல் வயருக்கும்தான். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் முதலில் போவது அந்த ஸ்டிக்கர். எதையும் தொடுவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, அந்தக் கால இதழ்களின் விளம்பரப் பக்கங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தகரக் கூடு போட்டவற்றில் பெரும்பாலும் இரண்டு அளவுதான் கையில் வரும். சின்னதுக்கு 16, பெரியதுக்கு 36 என்று பெயர். ஒரு எச்சரிக்கை: 16 அளவு மோட்டார் பழைய காலத்தோடு நின்றுவிடவில்லை, சீனாவில் செய்த புது மோட்டார்களும் அதே வடிவத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன, வடிவத்தை மட்டும் வைத்து வயதைச் சொல்ல முடியாது.

கூடே இல்லாமல் காந்தமும் ஆர்மேச்சரும் (கம்பி சுற்றிய, சுழலும் பகுதி) வெளியே தெரிகிற கனமான மோட்டார் ஏதாவது இருக்கிறதா? அது பென்சில்வேனியாவின் பிட்மேன் கம்பெனியுடையதாக இருக்கலாம். மாடல் ரயிலுக்கு மோட்டார் செய்துகொண்டிருந்தவர்கள், ஸ்லாட் காருக்குள்ளும் வந்தார்கள், டிசி-65, டிசி-196 என்று எண்கள் இருக்கும். இதில்தான் நான் கையைச் சுட்டுக்கொண்டேன். முதல் முதலாக ஒன்று கிடைத்த சந்தோஷத்தில் சுத்தம் செய்கிறேன் என்று ஆர்மேச்சரை உருவி வெளியே எடுத்தேன், திரும்பப் பூட்டியபோது ஓடியது, ஆனால் பழைய இழுவை போய்விட்டது. அதில் இருக்கும் அல்னிக்கோ என்ற உலோகக் கலவைக் காந்தம் அப்படித்தான். நடுவில் இரும்பு இருக்கும் வரை பலமாக இருக்கும், அந்த இரும்பை எடுத்த நொடியில் காந்தம் குறைந்துவிடும், திரும்ப வைத்தாலும் வராது. எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஆர்மேச்சரை உருவ உருவ இரண்டு காந்த முனைகளுக்கும் குறுக்கே ஒரு தேனிரும்புத் துண்டு ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்கெனவே போய்விட்டது என்றால் காந்தம் ஏற்றும் கருவி வைத்திருப்பவரிடம்தான் போகணும். மபுச்சியில் இருப்பது பீங்கான் மாதிரியான ஃபெரைட், அதற்கு இந்தத் தொல்லை இல்லை, கீழே போட்டால் மட்டும் உடையும்.

அப்புறம் ஆர்மேச்சர். அந்தக் காலப் பையன்கள் தடிமனான கம்பியால் திரும்பக் காயில் (கம்பிச் சுருள்) கட்டி வேகத்தைக் கூட்டினார்கள். கூட்டின் ஓட்டை வழியாகப் பாருங்கள்: கம்பி தடித்திருந்து, மேலே எபாக்ஸி பசை பூசி, இரும்பில் பேலன்ஸுக்காகத் துளை போட்டிருந்தால் அது ரேஸுக்குக் கட்டியது. மல்டிமீட்டரை ஓமில் வைத்து, கம்யூட்டேட்டரின் (ஆர்மேச்சர் முனையில் மின்சாரம் வாங்கும் செம்பு வளையம்) மூன்று துண்டுகளை இரண்டிரண்டாக அளந்தால் மூன்றும் ஒரே மாதிரி வர வேண்டும். காயில் ஒன்று அறுந்திருந்தால் ஒரு ஜோடி சரியான அளவைப் போல மூன்று மடங்கும் மற்ற இரண்டும் ஒன்றரை மடங்கும் காட்டும், ஏனென்றால் மூன்று காயிலும் முக்கோணமாக இணைந்திருக்கின்றன. ஓம் ரொம்பக் குறைவாக இருப்பதால் மீட்டர் வயர் இரண்டையும் சேர்த்து வைத்தால் வருகிற எண்ணை மறக்காமல் கழித்துக்கொள்ளுங்கள்.

அரோரா கம்பெனியின் குட்டி ஸ்லாட் கார் ஏதாவது கூடவே இருந்தால் கதை வேறு. 1963-ல் வந்த தண்டர்ஜெட்டில் கூடே கிடையாது, ஆர்மேச்சர் அப்பளம் மாதிரி தட்டையாகப் படுத்திருக்கும், சாதாரண ஒன்று சுமார் 16 ஓம் காட்டும். அதற்கு முந்தைய வைப்ரேட்டர் வகை ஏசியில் ஓடுவது, டிசி கொடுத்து ஓடவில்லை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஓட்டிப் பார்க்க 12 வோல்ட் வேண்டாம். இரண்டு முனையிலும் அச்சைத் தாங்கும் புஷ்ஷுக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய், மூன்று வோல்ட், சில விநாடிகள், சுற்றாமல் உறுமினால் உடனே நிறுத்துங்கள். சூடு ஏறினால் பிளாஸ்டிக் மூடி இளகி, ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் பிரஷ் சாய்ந்துவிடும். பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போட்டு வையுங்கள், ஒன்றாகக் கிடந்தால் டப்பாவின் இரும்புத்தூள் எல்லாம் காந்தத்துக்குள் போய்ச் சேரும்.

சரி, அந்தப் பித்தளைச் சட்டம். அதைக் கழற்றவே கழற்றாதீர்கள். யாரோ ஒருவர் தன் கையால் கம்பி வளைத்துக் கட்டிய சேஸ் அது, வேலை சுத்தமாக இருந்தால் உங்கள் டப்பாவில் மோட்டார்கள் எல்லாவற்றையும்விட அதற்கே அதிக விலை கிடைக்கலாம்.