பிழை திருத்தத் தெரிந்தால் பாடநூல் எடிட்டர் ஆகலாமா?

கேள்வி: தமிழ் எம்.ஏ. முடித்திருக்கிறேன். ஒற்றுப்பிழை, சந்திப்பிழை நன்றாகப் பார்ப்பேன். பாடநூல் நிறுவனத்தில் டெவலப்மென்டல் எடிட்டராகச் சேர இது போதுமா?

போதாது. நீங்கள் சொல்வது காப்பி எடிட்டிங், கடைசிக் கட்ட வேலை. டெவலப்மென்டல் எடிட்டர் அதற்கு வெகு முன்னால், பாடத்தின் வரிசையையே மாற்ற முடிகிற கட்டத்தில் உள்ளே வருகிறவர்.

ஒரு பாடம் கைக்கு வந்ததும் நான் முதலில் படிப்பது பின்னால் இருக்கும் பயிற்சி வினாக்களை. முகப்பில் ‘கற்றல் நோக்கங்கள்’ என்ற தலைப்பின் கீழ் “காரணத்தை விளக்குவர்” என்று எழுதியிருப்பார்கள். பயிற்சியில் பார்த்தால் கோடிட்ட இடத்தை நிரப்புக, பொருத்துக. அதாவது விளக்கச் சொல்லி ஒரு வினாகூட இல்லை. 1956-ல் அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமின் குழு வெளியிட்டு, 2001-ல் திருத்தப்பட்ட கற்றல் படிநிலைகளை, அதாவது நினைவில் வைப்பதிலிருந்து புதிதாக உருவாக்குவது வரையிலான படிகளை, ஒருமுறை நிதானமாகப் படித்து வையுங்கள். இந்த ஓட்டை உடனே கண்ணில் படும்.

அப்புறம், பிள்ளைகள் எதைத் தப்பாக நம்பிக்கொண்டு வகுப்புக்கு வருகிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். மிதத்தல், மூழ்குதல் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். “நீரைவிட அடர்த்தி அதிகமான பொருள் மூழ்கும்” என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவார்கள். வரி சரிதான். ஆனால் ‘கனமானது மூழ்கும்’ என்று நம்பும் பிள்ளை அதை மனப்பாடம் செய்துவிட்டு, பழைய நம்பிக்கையோடே வீட்டுக்குப் போகும். ஆரஞ்சுப் பழத்தைத் தோலோடு தண்ணீரில் போட்டால் மிதக்கும். உரித்துப் போட்டால் மூழ்கும். எடை குறைந்த பிறகுதானே மூழ்குகிறது? தோலில் காற்று நிறைந்த நுண்ணறைகள் இருப்பது அதற்குப் பிறகு தெரியவந்தால் போதும். இந்தச் செயல்பாடு முதலில், அடர்த்தி என்ற சொல் பிறகு. இப்படி மாற்றச் சொல்வதுதான் உங்கள் வேலை.

சொல்கிற விதமும் முக்கியம். எழுதியவர் இருபது வருடம் பாடம் நடத்தியவராக இருப்பார். “இது தவறு” என்று ஓரத்தில் எழுதினால் மனம் சுணங்கும். “சார், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பருமன் (கன அளவு) இன்னும் அறிமுகமாகவில்லையே, இந்த வரிக்கு முன்னால் ஒரு செயல்பாடு வைக்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் அவரே அருமையாக மாற்றி எழுதித் தருவார்.

மொழியறிவு வீண் போகாது. ஒரு வாக்கியத்தில் மூன்று புதுக் கலைச்சொற்கள் வந்தால் பிரிக்கத் தெரிய வேண்டுமே.

பழகுவதற்குப் பள்ளிப் பாடநூல்களே போதும். தமிழ்நாட்டில் 2018 முதல் வந்த புதிய நூல்கள் பிடிஎஃப் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே பாடத்தைப் பழைய சமச்சீர் நூலிலும் புதியதிலும் எடுத்து, எதை முன்னால் கொண்டுவந்தார்கள், எதை விட்டார்கள், ஏன் என்று இரண்டு பக்கம் எழுதிப் பாருங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதையும் இணைத்து அனுப்புங்கள். ஆள் எடுக்கும் இடத்தில் நான் இருந்தால் மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால் அதைத்தான் படிப்பேன்.