கொடியேறிய மாதத்தில் 'கூலி' (வாசகர் கேள்வி – பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். மின்கட்டணம் இல்லை, அரசியல் இல்லை, 2025 ஆகஸ்டில் வரப்போகிற படங்கள். பள்ளிக்கூட விடுமுறை, நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம், வெளிநாட்டுச் சனம், சோளகக் காற்று எல்லாம் சேர்ந்து வந்து விழுகிற மாதம் இது, அதற்குள் ரஜினியின் 'கூலி'யும் வந்து விழுந்தால் வேறு எதைத்தான் கேட்பீர்கள். சரி, கேளுங்கள். ஒன்றை முதலே சொல்லி வைக்கிறேன்: வரப்போகிற படம் ஒன்றையும் நான் பார்க்கவில்லை. ட்ரெயிலரையும் பாட்டையும் எடுத்தவர்களின் பழைய கணக்கையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

'கூலி'யை முதல் நாளே பார்க்க வேண்டுமா, ஆறப்போட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், கோண்டாவில்

முதல் நாள் போகிறவர் படம் பார்க்கப் போவதில்லை தம்பி, திருவிழாவுக்குப் போகிறார். அதில் பிழை ஒன்றும் இல்லை, நானும் போயிருக்கிறேன். தேங்காய் உடைத்து, வெடி கொளுத்தி, கட்அவுட்டுக்குப் பால் ஊற்றி முடித்து உள்ளே போய் இருந்தால் முதல் இருபது நிமிஷம் ஒரு வசனமும் கேட்காது. சில வருஷத்துக்கு முதல் ஒரு பெரிய நடிகரின் படம், தியேட்டரின் பெயர் வேண்டாம், ஏசி நின்றுபோய் சுவரோரத்து மின்விசிறி ஒன்று மட்டும் கிறீச் கிறீச் என்று சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்த பெடியன் நடிகர் வந்த நேரம் எழும்பினவன் இடைவேளைக்குத்தான் இருந்தான், அதுவரைக்கும் அவன் தூக்கிப் பிடித்த போனின் சின்னத் திரையில்தான் நான் படம் பார்த்தேன். காசு பெரிய திரைக்கு, பார்த்தது உள்ளங்கை அளவு.

இனிப் படத்துக்கு வருகிறேன். இதை எடுத்திருக்கிற லோகேஷ் கனகராஜ் 2019இல் 'கைதி' எடுத்தபோது கையில் இருந்தது ஒரு இரவு, ஒரு லொறி, ஒரு அப்பன். கதாநாயகி இல்லை, பாட்டு இல்லை. அந்தச் சிக்கனம்தான் படத்தின் பலம். 'கூலி'யில் ரஜினி, நாகார்ஜுனா, உபேந்திரா, சௌபின் சாகிர், சத்யராஜ், சுருதி ஹாசன், போதாததற்கு ஆமிர்கான். ஆளுக்கொரு மொழிச் சந்தை, ஆளுக்கொரு கதவு திறந்து வருகிற காட்சி வைக்க வேண்டும், அதற்கு மேல் பின்னணி இசை. இவர்கள் எல்லாரும் வந்து முடியவே ஒரு மணித்தியாலம் போய்விடும் என்பது என் பயம். இரண்டாவது பயம், லோகேஷின் படங்களில் முற்பகுதி ஓடும், பிற்பகுதி இழுக்கும். 'லியோ'வின் பழைய கதைப் பகுதியை நினைத்துப் பாருங்கள்.

ஆனாலும் போவேன். ஏன் என்றால் சத்யராஜ். 1986இல் 'மிஸ்டர் பாரத்' படத்தில் ரஜினிக்கு அப்பாவாக வந்த மனிதன், ரஜினியை விட வயதில் இளையவர், அதற்குப் பிறகு இப்போதுதான் ரஜினியோடு சேர்கிறார். அவர்கள் இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து சும்மா கதைக்கிற ஒரு காட்சி இருந்தால் எனக்குக் காசு திரும்பி வந்த மாதிரி. பாட்டைச் சொன்னால், 'சிக்கிட்டு'வில் ரி. ராஜேந்தரின் குரல் கேட்டதும் எங்கள் ஒழுங்கையில் ஐம்பது வயதுக்காரர் எல்லாரும் ஒருமுறை தலையைச் சிலுப்பினார்கள்.

ஆகவே முடிவு: நண்பர்களோடு என்றால் ஆகஸ்ட் 14ஆம் திகதி, முதல் நாளே, வீட்டுக்காரரோடு என்றால் ஒரு கிழமை கழித்து.

அண்ணா, நல்லூர்த் தீர்த்தம் முடியும் வரைக்கும் தியேட்டர் வாசலை மிதிக்கக் கூடாது என்று அம்மா சொல்கிறா. திருவிழா 25 நாளும் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் இல்லாமல் இருக்கிறேன், படமும் இல்லை என்றால் எப்படி?
– வாசகி, திருநெல்வேலி

தங்கச்சி, மச்சம் விடுகிறதற்கும் ரஜினியை விடுகிறதற்கும் தொடர்பு எந்தப் புராணத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அம்மாவோடு வழக்காட என்னைக் கூப்பிடாதீர்கள். நல்லூரில் சுவாமி உள்ளே போனதும் சனம் நேரே எங்கே போகிறது? ஐஸ்கிரீம் கடைக்கு. அங்கே இடம் இல்லை என்றால் வறுத்த கச்சான் கடலைக் கடைக்கு. வீதியில் கச்சான் சுருளோடு நின்று இரவு பத்து மணி வரைக்கும் ஊர்ப் புதினம் கதைப்பதை ஒருவரும் குற்றம் சொல்வதில்லை.

நடைமுறையாக ஒன்று சொல்கிறேன். கோயிலைச் சுற்றின வீதிகள் மூடியிருக்கும், பின்னேரத்தில் எந்தப் பக்கத்தால் போனாலும் சுற்றுத்தான். மத்தியானக் காட்சி பாருங்கள், பார்த்து வந்து தோய்ந்துவிட்டு அம்மாவோடு பின்னேரத் திருவிழாவுக்குப் போங்கள். ஆனால் 24ஆம் நாள், தேரன்று மட்டும் வேண்டாம். அன்று விடியற்காலையிலேயே எழும்பிப் போய் வெயிலில் நின்றுவிட்டு வந்தால் மத்தியானம் திரைக்கு முன்னால் குறட்டைதான் வரும்.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகன். ரஜினி என்றால் உயிர். 'கூலி'க்கு ஏ சான்றிதழாம், கூட்டிக்கொண்டு போகலாமா?
– தாய், அச்சுவேலி

இந்தியத் தணிக்கைச் சபை ஏ கொடுத்தது உண்மை. அதன் கருத்து, அங்கே 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை உள்ளே விடக்கூடாது. இலங்கையில் சான்றிதழ் கொடுக்கிற சபை வேறு, ஆகவே இங்கே என்ன போட்டிருக்கிறது என்று ரிக்கெற் எடுக்க முதல் தியேட்டரில் ஒருமுறை கேளுங்கள்.

ஆனால் அக்கா, விடுவார்களா இல்லையா என்பதை விட்டுப் பாருங்கள். லோகேஷின் படத்தில் அடி என்றால் அடிதான். கத்தி, இரும்பு, இரத்தம் எல்லாம் கிட்டத்தில் காட்டுவார். பிள்ளை கண்ணைப் பொத்துவான், பொத்தின விரலுக்குள்ளால் பார்ப்பான், பிறகு இரவு உங்களோடு வந்து படுப்பான். வேண்டாம். வீட்டில் ரீவியில் பழைய 'ராஜா சின்ன ரோஜா'வைப் போட்டுக் கொடுங்கள், அதில் கார்ட்டூனும் இருக்கிறது ரஜினியும் இருக்கிறார். அவன் கேட்ட ரஜினி அதுதான்.

அதே நாளில் 'வார் 2' வருகிறதே, எது வெல்லும்?
– வாசகர், சுன்னாகம்

மும்பாயிலும் ஹைதராபாத்திலும் அது பெரிய சண்டை. ஹிருத்திக் ரோஷன் ஒரு பக்கம், ஜூனியர் என்ரிஆர் ஒரு பக்கம். சுன்னாகத்தில் அது சண்டையே இல்லை.

'கிங்டம்' படத்தால் தமிழ்நாட்டில் ஆர்ப்பாட்டம் நடக்கிறது. இலங்கைத் தமிழரான எங்களைப் பிழையாகக் காட்டுகிறார்கள் என்று. இங்கே ஒருவரும் மூச்சு விடக் காணோம், ஏன்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வல்வெட்டித்துறை

ஐயா, ஜூலை 31இல் வந்த விஜய் தேவரகொண்டாவின் தெலுங்குப் படம் அது. நாம் தமிழர் கட்சிக்காரர் தியேட்டர்களுக்கு முன்னால் நின்றார்கள், தயாரிப்பாளர்கள் வருத்தமும் தெரிவித்துவிட்டார்கள். இங்கே ஏன் சத்தம் இல்லை என்று கேட்டால், எங்களுக்குப் பழகிப்போய்விட்டது என்பது ஒரு காரணம். எங்களை வைத்து எடுக்கும்போது ஒன்றில் கண்ணீர் விடுகிற அகதி, அல்லது கையில் துப்பாக்கி. கடையில் தேங்காய்க்கு விலை பேசுகிற யாழ்ப்பாணத்தானைத் திரையில் கண்டது மிகக் குறைவு.

எனக்கு அதைவிடக் கோபம் வருவது பேச்சு வழக்கில். 'ஓம்' போட்டு, 'கதைக்கிறது' போட்டு, கடைசி எழுத்தை இழுத்துவிட்டால் யாழ்ப்பாணத் தமிழ் முடிந்தது என்று நினைக்கிறார்கள். 'அவை வருகினம்' என்கிற 'கினம்' இருக்கிறதே, அதைச் சரியாகச் சொன்ன இந்திய நடிகரை விரல் விட்டு எண்ணலாம். 'உது', 'உவன்', 'உங்கை' பற்றிக் கேட்கவே வேண்டாம். இதுவும் இல்லை அதுவும் இல்லை, உங்களுக்குக் கிட்ட இருக்கிறது உது. சங்கத் தமிழில் இருந்த சொல், கடலுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் வழக்கொழிந்து எங்கள் வாயில் மட்டும் இன்றைக்கும் இருக்கிறது. வசனம் எழுதுகிற ஒருவர் ஒரு கிழமை யாழ்ப்பாணப் பஸ் நிலையத்தில் வந்து நின்றாலே காதில் விழும்.

2000இல் வந்த 'தெனாலி'யில் கமல் பேசியதைச் சிலர் இன்றைக்கும் நக்கல் என்பார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன், பகிடிப் படம் என்றாலும் அதில் காது கொடுத்துக் கேட்ட உழைப்பு இருந்தது. இந்த வருஷம் மே மாதம் வந்த 'ரூறிஸ்ட் ஃபமிலி' பேச்சில் அங்கங்கே சறுக்கினாலும், எங்களைப் பக்கத்து வீட்டுக்காரராகப் பார்த்தது, அதனால்தான் சனம் குடும்பமாகப் போய்ப் பார்த்தது.

கனடாவில் இருந்து 28 வருஷத்துக்குப் பிறகு வந்திருக்கிறேன். பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்தில் ஒரு படம் பார்க்க ஆசை. எந்தத் தியேட்டர்? 'கேப்டன் பிரபாகரன்' திரும்ப வருகிறதாமே, இங்கே வருமா?
– வாசகர், ரொறன்ரோ (இப்போது மானிப்பாய்)

வாருங்கள். நீங்கள் போன நேரம் இருந்த ஊர் இல்லை இது. வெலிங்டன், வின்சர், லிடோ, றீகல் எல்லாம் இப்போது பெரியவர்களின் கதையில்தான் ஓடுகின்றன. பிள்ளைகளுக்குக் குளிரும் பொப்கோனும் வேண்டும் என்றால் ஆஸ்பத்திரி வீதி கார்கில்ஸ் சதுக்கத்தில் மேல் மாடிக்கு ஏறுங்கள். நீங்கள் கஸ்தூரியார் வீதி ராஜாவுக்குப் போங்கள், அங்கே விசில் சத்தத்தில் பழைய நீங்கள் எழும்பி வருவீர்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது, ரொறன்ரோவில் படத்தின் நடுவில் ஒருவன் எழும்பி ஆடமாட்டான்.

விஜயகாந்தின் 1991ஆம் ஆண்டுப் படம் புதுமெருகோடு ஆகஸ்ட் 22இல் தமிழ்நாட்டில் வருகிறது, அவருடைய பிறந்தநாள் 25. இங்கே வந்தால் முதல் வரிசையில் நான் நிற்பேன். தொண்ணூறுகளில் நாங்கள் படம் பார்த்த விதம் உங்களுக்கு நினைவிருக்கும். மின்சாரம் இல்லை. ரீவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, முற்றத்தில் பாய் விரித்து ஒரே இரவில் மூன்று படம். ஜெனரேற்றரை வளவின் மூலைக்குக் கொண்டுபோய் வைத்தாலும் சத்தம் வசனத்தை விழுங்கும். கொஞ்சப் பெற்றோலில் கிளப்பிப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள், மாற்றுகிற நேரம் ஒரு திணறு திணறும், படம் சுருங்கி விரியும், எல்லாரும் 'ஐயோ' என்போம். மூன்றாவது படம் முடியும்போது விடிந்திருக்கும், பாதிப் பேர் பாயில் நித்திரை. எனக்கு எத்தனையோ படத்தின் முடிவு இன்றைக்கும் தெரியாது.

பெரிய படங்களை விடுங்கள். நீங்கள் உண்மையாக எதிர்பார்க்கிற படம் எது?
– பல்கலைக்கழக மாணவி, கொக்குவில்

இப்போதுதான் நல்ல கேள்வி. ஆகஸ்ட் நடுப்பகுதியில் வருகிற படங்கள் முதல் நான்கு நாள் வசூலுக்காக எடுத்தவை. எனக்கு ஆசை அதற்குப் பிந்தின கிழமைகளில்தான். ஆகஸ்ட் 28இல் ஓணத்துக்கு மலையாளத்தில் 'லோகா' வருகிறது, கல்யாணி பிரியதர்ஷன் சுப்பர்ஹீரோ, தயாரிப்பு துல்கர் சல்மான். எங்கள் மொழிகளில் பறக்கிறதும் பாய்கிறதும் இதுவரை ஆம்பிளைகளின் வேலையாகத்தான் இருந்தது. மலையாளக்காரர் இதைக் குறைந்த காசில் கொஞ்சம் மூளையோடு செய்வார்கள் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் ஊரில் திரைக்கு வருமோ தெரியாது, வந்தால் இரண்டு காட்சிக்கு மேல் நிற்காது, ஆகவே கண்ணை விழித்திருங்கள்.

அப்புறம் செப்டம்பர் 5. அன்று ஏ. ஆர். முருகதாசின் 'மதராஸி'. 'அமரன்' வெற்றிக்குப் பிறகு வருகிற சிவகார்த்திகேயனுக்கு அது சும்மா ஒரு படம், 'சிக்கந்தர்' சறுக்கின முருகதாசுக்கு அது பரீட்சை. 'துப்பாக்கி' எடுத்த கை அது என்பதை மட்டும் நினைத்துப் போவேன். அதே நாளில் வர்ஷா பரத்தின் 'பேட் கேர்ள்'. ரொட்டர்டாம் விழாவில் பரிசு எடுத்த படம், ரீசர் வந்த உடனேயே சாதியின் பெயரால் சண்டை கிளம்பின படம். ஒரு பெண்பிள்ளை தன் வயசில் என்ன நினைக்கிறாள் என்பதை ஒரு பெண்பிள்ளையே எடுத்திருக்கிறாள், அதற்கே இத்தனை சத்தம். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நீங்கள் இதற்குப் போங்கள், 'மதராஸி' ஒரு மாதத்தில் போனுக்கு வந்துவிடும்.

எங்கட ஆக்கள் எடுத்த படம் எப்ப ஆகஸ்டில் ஹவுஸ்புல் ஓடும்?
– குறும்படம் எடுக்கும் இளைஞர், சாவகச்சேரி

செங்கை ஆழியானின் நாவலை வைத்து 1978இல் 'வாடைக்காற்று' எடுத்தார்கள், சனம் பார்த்தது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். இப்போது கமரா எல்லார் கையிலும் இருக்கிறது, 2015 முதல் யாழ்ப்பாணத்தில் சர்வதேச திரைப்பட விழாவும் நடக்கிறது. இல்லாதது, ரஜினி வருகிற கிழமையில் உங்களுக்கும் ஒரு மத்தியானக் காட்சி தருகிற தியேட்டர். பட முடிவில் நன்றி என்று பெயர் போடுகிற இடத்தில் இருபது சொந்தக்காரரின் பெயரைப் போடாமல் விட்டால் நானும் வந்து கேட்டுப் பார்க்கிறேன்.

கடைசியாக, நீங்கள் 'கூலி'க்கு எந்தக் காட்சி?
– பலர்

14ஆம் திகதி இரவுக் காட்சிக்கு மருமகன் ரிக்கெற் சொல்லி வைத்திருக்கிறான். வீட்டில் கேட்டால் நல்லூருக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், வருகிற வழியில் கச்சான் வாங்க மறக்கக்கூடாது.