ஹெபடைட்டிஸ் ஏ, பி, சி மூணும் ஏன் ஒரே குடும்பம் இல்ல?

நீங்க கேட்டது நியாயமான குழப்பம்தாங்க. மூணுமே கல்லீரலைத்தான் தாக்குது, பேரும் ஒண்ணு, அப்புறம் ஏன் எக்ஸாம்ல ஒரே குடும்பம்னு எழுதினதுக்கு மார்க் போச்சுன்னு கேட்டிருந்தீங்க. ஹெபடைட்டிஸ்ங்கறது நோயோட பேரு, வைரஸோட பரம்பரை இல்ல. எந்த உறுப்புல உக்காருதுன்னு பார்த்து குடும்பம் பிரிக்கறதில்ல, உள்ள இருக்கற மரபுப் பொருள் டிஎன்ஏவா ஆர்என்ஏவா, ஒத்தை இழையா ரெட்டை இழையா, எப்படி நகல் எடுக்குது, மேல கொழுப்பு உறை இருக்கா, இப்பல்லாம் ஜீன் வரிசை எவ்வளவு ஒத்துப்போகுது, இதைத்தான் பாக்கறாங்க.

ஏ வைரஸ் ஒத்தை இழை ஆர்என்ஏ, பிகோர்னாவிரிடே குடும்பம், அதாவது போலியோவுக்கு சொந்தக்காரன். சி-யும் ஆர்என்ஏதான், ஆனா உறை உண்டு, பாடப்புத்தகங்கள்ல டெங்கு இருக்கற ஃபிளாவிவிரிடேல வரும்.

பி-தான் எனக்கு ரொம்ப பிடிச்ச ஆளு. அது டிஎன்ஏ வைரஸ், ஹெபட்னாவிரிடே. ஆனா நேரா டிஎன்ஏல இருந்து டிஎன்ஏ எடுக்காது, முதல்ல ஆர்என்ஏ ஆக்கி, அதுல இருந்து ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ்ங்கற நொதிய (என்சைம்) வச்சு திரும்ப டிஎன்ஏ ஆக்குது. டேவிட் பால்டிமோர்ங்கற அமெரிக்க விஞ்ஞானி 1971ல வைரஸ்களை எம்ஆர்என்ஏ (புரதம் செய்யச் சொல்ற செய்தி ஆர்என்ஏ) உண்டாக்கற வழிய வச்சு குரூப் குரூப்பா பிரிச்சாரு, இப்ப இருக்கற 7 குரூப்ல பி வைரஸ் கடைசி குரூப்.

இன்னொண்ணு, 'விரிடே'ன்னு முடிஞ்சா குடும்பம், 'வைரல்ஸ்' (virales)னு முடிஞ்சா அதுக்கு மேல இருக்கற வரிசை, அதாவது ஆர்டர். அடுத்த தடவை நோய் பேர விட்டுட்டு ஜீனோம்ல (வைரஸோட மொத்த மரபுப் பொருள்ல) இருந்து ஆரம்பிங்க, மார்க் போகாது.