பக்கத்துப் பள்ளி கவர்னர்களுக்கு எப்படிக் கைகொடுப்பது?

கேள்வி: இங்கிலாந்தில், டெவன் கவுண்டியின் வடபகுதிக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். செவிலியர் வேலை. ஆறு வருடங்களாக எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் கவர்னராக இருக்கிறேன். இப்போது கவுண்டி அளவில் இயங்கும் கவர்னர்கள் சங்கத்திலிருந்து, மற்ற சிறிய பள்ளிகளின் கவர்னர்களுக்கு உதவும் தன்னார்வலராக வரச் சொல்கிறார்கள். எனக்குச் சட்டமெல்லாம் முழுதாகத் தெரியாது. தூரமும் ஒரு தொல்லை. நான் போய் என்ன சொல்லிவிட முடியும்? ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளுங்கள். 'என்ன சொல்லிவிட முடியும்' என்று தயங்குகிறவர்தான் இந்த வேலைக்குத் தேவை.

மற்ற வாசகர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றம் பராமரிக்கும் ஒவ்வொரு பள்ளியையும் மேற்பார்வையிட ஒரு குழு உண்டு. அதன் உறுப்பினர்களைத்தான் பள்ளி கவர்னர்கள் என்கிறார்கள். சம்பளம் கிடையாது. பெற்றோர், பள்ளி ஊழியர், ஊர்க்காரர்கள் எனக் குறைந்தது 7 பேர் இருக்க வேண்டும். பதவிக்காலம் வழக்கமாக 4 ஆண்டுகள். தமிழ்நாட்டின் பள்ளி மேலாண்மைக் குழு நினைவுக்கு வரலாம், ஆனால் பொறுப்பு அதைவிடப் பெரியது. தலைமை ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பது, ஆண்டுதோறும் அவருடைய பணியை மதிப்பிடுவது, பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவது எல்லாம் இவர்கள் வேலை. பகலில் நர்ஸாகவோ விவசாயியாகவோ வேலை பார்த்துவிட்டு, மாலையில் வந்து உட்கார்ந்து இதைச் செய்கிறார்கள்.

டெவன் போன்ற இடத்தில் இது கூடுதல் கஷ்டம். வடக்கிலும் தெற்கிலும் கடல், நடுவே டார்ட்மூர் என்ற பரந்த தரிசு மேட்டுநிலம். இருபுறமும் வேலி உயர்ந்த, ஒரு கார் மட்டும் போகக்கூடிய சாலைகள். எதிரே டிராக்டர் வந்தால் நாம்தான் ரிவர்ஸ் எடுக்க வேண்டும். நாற்பது ஐம்பது பிள்ளைகள் மட்டுமே படிக்கும் பள்ளிகள் இங்கே உண்டு. அப்படிப்பட்ட ஊரில் குழுத் தலைவரின் பிள்ளையும் ஆசிரியரின் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். காலையில் புகார் கொடுத்தவரை மாலையில் கடையில் பார்த்துச் சிரித்தாக வேண்டும். தலைமை ஆசிரியரைப் பற்றித் தலைவருக்கு ஒரு கவலை வந்தால் அதை யாரிடம் பேசுவார்? குழுவில் பேசினால் ஊருக்கே தெரிந்துவிடும். உள்ளாட்சி மன்றத்துக்குப் போன் செய்தால் அது அதிகாரபூர்வமான விஷயமாகிவிடுமோ என்று பயம்.

முப்பது மைல் தள்ளி இருக்கும் நீங்கள் அந்த ஊர்க் கதைக்குள் இல்லை. தூரம் தொல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தூரத்தை நம்பித்தான் அவர் உங்களிடம் மனம் விட்டுப் பேசுவார்.

நான் முதல்முறை இப்படி உதவப் போனபோது, எங்கள் பள்ளியில் எதை எப்படிச் செய்தோம் என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தேன். அந்தத் தலைவர் நன்றி சொல்லி அனுப்பினார், மறுபடி அழைக்கவே இல்லை. அவருக்கு என்ன பிரச்சினை என்று கடைசிவரை நான் கேட்கவில்லை என்பது வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. இன்றும் அது எனக்கு வருத்தம். ஆகவே முதல் பேச்சில் ஆலோசனை எதுவும் வேண்டாம். "இந்த மாதம் எது உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். நோயாளி தயங்கித் தயங்கிச் சொல்வதைக் காத்திருந்து கேட்கும் பழக்கம் உங்களுக்கு வேலையிலேயே இருக்கிறது.

அப்புறம், அது எந்த வகைப் பள்ளி என்று தெரிந்துகொள்ளுங்கள். இதை விட்டுவிட்டால் சொல்வதெல்லாம் தப்பாகிவிடும். உள்ளாட்சி மன்றம் பராமரிக்கும் பள்ளியா? இரண்டு மூன்று பள்ளிகள் கூட்டமைப்பாகச் சேர்ந்து ஒரே கவர்னர் குழுவின் கீழ் இருக்கின்றனவா? திருச்சபைப் பள்ளி என்றால் மறைமாவட்டத்துக்கும் அதில் பங்கு உண்டு. உள்ளாட்சி மன்றத்தைச் சாராமல், அரசிடம் நேரடியாகப் பணம் பெற்றுப் பல பள்ளிகளை நடத்தும் அகாடமி டிரஸ்ட்டின் கீழ் இருந்தால், சட்டப் பொறுப்பு முழுவதும் டிரஸ்ட்டிகளுடையது. உள்ளூர்க் குழுவுக்கு டிரஸ்ட் எழுதிக் கொடுத்த அளவுதான் அதிகாரம், சில இடங்களில் பட்ஜெட்டைத் தொடவே முடியாது. எந்த முடிவு யாருடையது என்று சொல்லும் அதிகாரப் பகிர்வு ஆவணம் ஒன்று அங்கே இருக்கும். அதைத் தலைவரையே எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அதுவரை படிக்காதவர்களும் உண்டு.

உங்களிடம் அடிக்கடி வரப்போவது பணப் பிரச்சினைதான், அதனால் அந்தக் கணக்கைக் கொஞ்சம் தெரிந்துவைத்திருங்கள். பள்ளிகளுக்கு அரசு பணம் பிரிக்கும் தேசிய நிதிச் சூத்திரப்படி, 2024-25ல் ஒவ்வொரு பள்ளிக்கும் நிலையான தொகை 1,34,400 பவுண்டாக இருந்தது. அதற்கு மேல் பெரும்பாலும் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. அந்த ஆண்டு தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு அடிப்படைத் தொகை 3,562 பவுண்டாக இருந்தது. மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பம் வீட்டு வாடகை கட்ட முடியாமல் ஊரைவிட்டுப் போனால் பள்ளி பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் இழந்துவிடும். வகுப்பையோ ஹீட்டிங் செலவையோ அதற்கு ஏற்றாற்போல் குறைக்க முடியாது. அக்டோபர் கணக்கெடுப்பில் எத்தனை பிள்ளைகளோ, அதுதான் அடுத்த ஆண்டுப் பணம். சிறிய, ஒதுக்குப்புறமான பள்ளிகளுக்குத் தனித் தொகையும் உண்டு. அதற்குத் தொடக்கப்பள்ளிகளில் பார்க்கும் முக்கிய அளவு, பிள்ளைகளுக்கு அடுத்த பள்ளி சராசரியாக 2 மைலுக்கு அப்பால் இருக்கிறதா என்பது.

இது தெரியாத புதுத் தலைவர், பற்றாக்குறைக்குத் தன் நிர்வாகம்தான் காரணம் என்று நினைத்து நொந்துபோயிருப்பார். கணக்கை எதிரே வைத்துக்கொண்டு மூன்று ஆண்டு முன்னோக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஊரில் ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை குழந்தைகள்? இரண்டு வகுப்புகளைச் சேர்த்தால் என்ன ஆகும்? பக்கத்துப் பள்ளியோடு ஒரு தலைமை ஆசிரியரைப் பகிர்ந்துகொள்வது பற்றி யாராவது பேசியிருக்கிறார்களா? பள்ளியை மூடிவிடுவார்களோ என்ற பயம் பேச்சில் வரும். கிராமத் தொடக்கப்பள்ளிகளை மூடக்கூடாது என்பதையே தொடக்க நிலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. எந்தப் பள்ளியையும் மூடவே மாட்டார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. மூடுவதற்கு வலுவான காரணம் காட்டியாக வேண்டும் என்பதுதான் பொருள். இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள், பொய்யான தைரியம் கொடுக்க வேண்டாம்.

ஆள் பற்றாக்குறைக்குச் சில வழிகள் உண்டு. குழு ஒப்புதல் தந்திருந்தால் வீடியோ மூலம் கூட்டத்தில் கலந்துகொள்ளலாம், குளிர்கால இரவுகளில் இது பெரிய உதவி. முழுக் கவர்னராக வரத் தயங்குகிற கணக்காளரை இணை உறுப்பினராகச் சேர்க்கலாம். முழுக் குழுவில் அவருக்கு ஓட்டு இருக்காது, ஆனால் அவருடைய அறிவு கிடைக்கும். புகார் விசாரணைக்கு, சம்பந்தப்படாத மூன்று பேர் உள்ளூரில் கிடைக்காவிட்டால் வேறு பள்ளி கவர்னர்களைக் கேட்கலாம். அவர்களைக் கண்டுபிடித்துத் தருவதுதான் உங்கள் சங்கத்தால் எளிதாகச் செய்யக்கூடிய உதவி.

எல்லைகளில் மட்டும் உறுதியாக இருங்கள். நீங்கள் அந்தப் பள்ளியின் கவர்னர் அல்ல. முடிவு அவர்களுடையது, அழைக்காமல் கூட்டத்துக்குப் போகக்கூடாது. பிள்ளைகளின் பெயர் பேச்சில் வந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வேலை நீக்கம், ஒப்பந்தம் போன்றவை மனிதவள ஆலோசகருக்கும் வழக்கறிஞருக்கும் உரியவை. தலைமை ஆசிரியர் ஒரு குழந்தைக்குத் தீங்கு செய்ததாகக் குற்றச்சாட்டு வந்திருக்கிறது என்று தலைவர் சொன்னால், அதைக் கேட்டுக்கொண்டிருக்கவே கூடாது. அதற்கென்றே உள்ளாட்சியில் ஒரு நியமிக்கப்பட்ட அதிகாரி இருக்கிறார். "நாம் பேசியது போதும், இப்போதே அவரை அழையுங்கள்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுங்கள்.

சட்டம் முழுதாகத் தெரியாதே என்றீர்கள். "தெரியவில்லை, விசாரித்து நாளைக்குள் சொல்கிறேன்" என்று சொன்னால் போதும், சொன்னபடி மறுநாள் அழைத்துவிட வேண்டும். அந்தந்தப் பள்ளிக் குழுவின் கூட்டங்களைக் கவனித்துக்கொள்ளும் கிளார்க்குக்குச் சட்ட நடைமுறை தெரிந்திருக்கும். பள்ளி கவர்னர்களுக்கான தேசிய கவர்னன்ஸ் சங்கத்தின் வழிகாட்டிகளும் இருக்கின்றன.

உங்கள் வேலை பற்றி ஒன்று. 1996ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம், பள்ளி கவர்னர் கடமைக்கு நியாயமான அளவு விடுப்பு கேட்கும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. சம்பளத்தோடு தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சங்கத்துக்காக நீங்கள் செய்யும் இந்த உதவிப் பணிக்கு அந்த உரிமை பொருந்தாது. ஆகவே ஷிப்ட் இல்லாத மாலைகளை மட்டும் கொடுங்கள். பெட்ரோல் செலவைத் தருவார்களா, மைலுக்கு எவ்வளவு என்று சங்கத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள். அதில் கூச்சம் வேண்டாம். கார் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தன்னார்வப் பயணம் என்று தெரிவித்துவிடுங்கள்.

முதல் வருடம் இரண்டு பள்ளிகளுக்கு மேல் எடுக்காதீர்கள். முதல் சந்திப்புக்கு மட்டும் நேரில் போங்கள், பிறகு மாதம் ஒரு போன் போதும். முடிந்தால் அந்த முதல் பயணத்தைப் பகலில் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் விளையாடும் நேரத்தில் பள்ளியைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். அறைக்குள் வாய் திறக்காத தலைவர், வேலியோரம் நடக்கும்போது பேச ஆரம்பிப்பார்.