எடை குறையும்போது மார்பளவும் குறைவது பற்றி

அன்புள்ள சகோதரிக்கு, பெசன்ட் நகர் கடற்கரையில் தினமும் ஓடி எடையைக் குறைத்த பிறகு மார்பளவும் குறைந்துவிட்டதாகவும், ஓட்டத்தை நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

மார்பகம் பால் சுரப்பிகளாலும் அவற்றைச் சூழ்ந்த கொழுப்பாலும் இணைப்புத் திசுக்களாலும் ஆனது. எந்த இடத்துக் கொழுப்பு முதலில் கரைய வேண்டும் என்று உடலுக்கு நாம் கட்டளையிட முடியாது. கொழுப்பின் பங்கு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால்தான், அதே அளவு எடை குறைந்த உங்கள் அக்காவிடம் தெரியாத மாற்றம் உங்களிடம் தெரிகிறது. புஷ்-அப், டம்பெல் பயிற்சிகள் மார்பகத்துக்கு அடியிலுள்ள தசையை வலுப்படுத்தித் தோற்றத்தைச் சற்று எடுப்பாக்கலாமே தவிர, கரைந்த கொழுப்பைத் திரும்பக் கொண்டுவராது. அளவைக் கூட்டுவதாக விளம்பரப்படுத்தப்படும் எண்ணெய்க்கும் கிரீமுக்கும் காசைக் கொட்ட வேண்டாம்.

பழைய உள்ளாடையையே அணிந்து ஓடுவதாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலையளிக்கிறது. கையை உயர்த்தும்போது அடிப்பட்டை முதுகில் மேலேறினால் அது உங்களுக்குத் தளர்ந்துவிட்டது என்று பொருள். புதிதாக அளவெடுத்து, குதித்துப் பார்த்து, அசைவைக் கட்டுப்படுத்தும் ஸ்போர்ட்ஸ் பிரா வாங்குங்கள். சென்னைப் புழுக்கத்தில் ஈர உள்ளாடை மார்பின் கீழ் மடிப்பில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் என்பதால், வீடு திரும்பியதும் மாற்றிவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் அளவு மாறினாலோ, கட்டி, தோலில் குழிவு, காம்பில் கசிவு தென்பட்டாலோ, மாதவிடாய் தவறினாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.